சத்தம் அடங்கிய மூச்சு

இழுப்புச் சத்தம் நின்றுவிட்டால் நோய் நின்றுவிட்டது என்று அந்தக் குடும்பம் அப்போது நம்பியது. அந்த நம்பிக்கை எங்கிருந்தோ வந்ததல்ல. என் வகுப்பிலிருந்து வந்தது. “நல்ல மூச்சு ஓசையில்லாமல் போகும், ஓசையில்லாமல் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடக் கேட்கக் கூடாது” என்று வாரந்தோறும் நான் சொல்லிவந்தேன். யோகம் கற்பிக்கும் எவரும் சொல்லும் வாக்கியம்தான். இப்போது பயிற்சி முடித்து வெளியே போகும் நீங்களும் நாளைக்கு அதைச் சொல்வீர்கள். சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் சொன்ன சொல் உங்களோடு பேருந்து ஏறித் திரும்பி வந்துவிடுவதில்லை. அது அந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறது. சமையற்கட்டிலும் மாட்டுக்கொட்டகையிலும் புழங்கி, நமக்கு அடையாளம் தெரியாத வேறொன்றாக மாறிவிடுகிறது. அப்படி மாறிய ஒரு சொல்லை ஒரு முற்பகல் முழுவதும் நான் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள் அவை. கள்ளக்குறிச்சியில் ஒரு சிறிய தர்ம மருத்துவமனையை ஒட்டிய கூடத்தில் நான் யோகப் பயிற்சி அளித்துவந்தேன். வாரத்தில் ஒரு நாள் மலையேறிக் கரியாலூருக்குப் போவேன். இன்னொரு நாள் மூங்கில்துறைப்பட்டுக்கு மேற்கே, கரும்புக் காடுகளுக்கு நடுவிலிருந்த ஒரு சிற்றூருக்குப் போவேன். அங்கே ராஜமாணிக்கம் என்ற விவசாயியின் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்காருவார்கள். அவர்களில் முதலாமவள், அவருடைய மனைவி பூங்காவனம். அவளுக்காகத்தான் அந்த வகுப்பே தொடங்கியது.

பூங்காவனத்துக்கு முப்பது வயதைக் கடந்திருக்கும். திருமணமாகி வந்த நாளிலிருந்தே இழுப்பு, டாக்டர் மொழியில் ஆஸ்துமா. வெட்டிய கரும்பின் காய்ந்த தோகையை, சோகையைக் கொளுத்தும் பருவத்தில் புகை தாங்காமல் அவள் தலையணைகளை அடுக்கி அதன்மேல் சாய்ந்தே உறங்குவாள். அவளிடம் நான் கண்ட முதல் துன்பம் மூச்சுத் திணறல்கூட அல்ல. தனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவள் தன் மாமியாரின் முகத்தைப் பார்ப்பாள். மாமியார் முத்தம்மாள் பதில் சொல்வார்: “நேத்திக்கு ஜாஸ்தி, இன்னிக்குக் கம்மி.” அவளுடைய மூச்சைப் பற்றிப் பேசும் உரிமை அவளைத் தவிர அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

ஆகவே ஆசனங்களுக்கு முன்னால் வேறொன்றைக் கற்றுக்கொடுத்தேன். கண்ணை மூடி இரண்டு மூன்று மூச்சு எடுத்த பிறகு, அந்த மூச்சு உடம்பில் எதுவரை போய் நிற்கிறதோ அங்கே உள்ளங்கையை வைக்க வேண்டும். தொப்புளில் வைக்கலாம், நெஞ்சுக்குழியில் வைக்கலாம், மார்பின் மேல் வைக்கலாம். சரி, தவறு என்று ஒன்றும் கிடையாது. வாயால் சொல்ல வேண்டியதும் இல்லை. கை வைத்தால் போதும். மூச்சு எதுவரை போகிறது என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும் என்பதே என் நோக்கம்.

சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு முத்தம்மாள் இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பார். “இன்னாடி இது கூத்து? தொலைஞ்ச மூக்குத்தியத் தேடுற மாதிரி ஆளாளுக்கு ஒரு எடத்துல கைய வச்சிக்கினு!” என்பார். கூடம் முழுவதும் சிரிக்கும். அவர் கேலிதான் செய்தார். ஆனால் ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை. அவரும் அங்கேயே நின்று, யாருடைய கை எங்கே இருக்கிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தார். அது பின்னால் எவ்வளவு பெரிய காரியமாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஓராண்டில் பூங்காவனம் மாறினாள். மேற்கே கல்வராயன் மலையில் மேகம் இறங்குவதற்கு முதல் நாளே அவள் கை தொப்புளிலிருந்து சற்று மேலே ஏறிவிடும். சோகை கொளுத்தும் நாளில் “நான் எதிர்த்த வூட்டுல இருக்கறேன்” என்று அவளாகவே சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தாள். மூங்கில்துறைப்பட்டு டாக்டர் கொடுத்த மாத்திரைகளும் நடந்துகொண்டிருந்தன. பயிற்சியும் மாத்திரையும் சேர்ந்துதான் அவளைத் தேற்றின. ஆனால் வீட்டார் கண்ணுக்குப் பயிற்சி மட்டுமே தெரிந்தது. மாத்திரை நாள்பட்ட பழக்கம், பயிற்சி புதியது. புதியதற்குத்தானே புகழ் போகும்?

அந்தத் தை மாதம் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழாவுக்குப் போன முத்தம்மாள், மீதமிருந்த மாத்திரைகளை மஞ்சள் துணியில் முடிந்து பெண்ணையாற்றில் விட்டுவிட்டு வந்தார். என்னிடம் அதை எவ்வளவு மகிழ்ச்சியோடு சொன்னார் தெரியுமா? “இனிமே இவ வாய்ல மாத்திர படாது டீச்சரம்மா. ஆத்துக்கிட்ட சொல்லிப்புட்டு வந்துட்டேன்.” டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, உடனே திரும்ப வாங்குங்கள் என்று ராஜமாணிக்கத்திடம் சொன்னேன். “வாங்கிடலாம்மா” என்றார். அடுத்த வாரமும் சொன்னேன், அதற்கடுத்த வாரமும் சொன்னேன். வாங்கவில்லை. ஆற்றுக்குக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கினதாக ஆகிவிடும் என்று தாய் சொல்லிவிட்டார். மருந்து வேறு, வேண்டுதல் வேறு என்று படித்த நமக்குத் தோன்றும். அந்த வீட்டில் இரண்டும் ஒரே முடிச்சில் இருந்தன.

பிறகு சாலைகள் மூடிய வாரம் வந்தது. அதன் முதல் நாள் காலை நான் வகுப்புக்காக அந்த ஊரில் இறங்கினேன். திரும்பிப் போகப் பேருந்து வரவில்லை. சாலையோரத்துப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கு உரிய பங்கைக் கேட்டவர்களின் நியாயத்தை எடைபோட நான் இதை எழுதவில்லை. ராஜமாணிக்கத்தின் தம்பி குமரேசனும் அவர்களில் ஒருவன். பட்டப்படிப்பு முடித்து, வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தவன். அவன் மறியலுக்கென்று வீட்டை விட்டுப் போன அன்றே ராஜமாணிக்கம் மணலூர்பேட்டையிலிருந்த தங்கை வீட்டில் மாட்டிக்கொண்டார். ஊரில் ஆண்களில் பாதிப் பேர் சாலையில் நின்றார்கள். மீதிப் பேர் போலீஸ் ஜீப்புக்குப் பயந்து கரும்புக் கொல்லைக்குள் புகுந்திருந்தார்கள். நான் அந்த வீட்டிலேயே தங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் காற்று திசை மாறியது. சாலை முக்கூட்டில் எரித்த டயர்களின் புகை ஊருக்குள் வந்தது. பூங்காவனத்துக்கு இழுப்பு கண்டது.

முதலில் நான் பயப்படவில்லை. நமக்குத் தெரிந்த வேலைதான். சன்னல்களைச் சாத்தி, புகை வராத பின்கட்டு அறையில் அவளை உட்காரவைத்து, முன்னால் சாய்ந்து கைகளை ஊன்றிக்கொள்ளச் சொன்னேன். உள்ளே இழுக்கப் போராடாதே, வெளியே விடுவதை மட்டும் நீட்டு என்றேன். அவள் செய்தாள். தோள்கள் கொஞ்சம் இறங்கின. முத்தம்மாள் எதிர்வீட்டுப் பெண்களிடம் பெருமையாகச் சொல்வது காதில் விழுந்தது: “டீச்சரம்மாவே நம்ம வூட்டுல இருக்கறாங்க. இன்னா ஆயிடப் போவுது?”

இந்தத் தொழிலில் உங்களை மிகவும் அச்சுறுத்த வேண்டிய வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன். உங்களைப் பழிப்பவர்களால் ஒரு நோயாளிக்குக் கெடுதல் வருவது அரிது. உங்களை முழுக்க நம்புகிறவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலத்தைக் கடத்திவிடுவார்கள்.

முற்பகல் ஏற ஏற, அவளுடைய பேச்சு சுருங்கியது. “டீச்சரம்மா, குமரேசன் வந்துச்சான்னு பாருங்க” என்று முழுதாகச் சொன்னவள், பிறகு “குமரேசன்” என்று மட்டும் சொன்னாள். பிறகு அதையும் சொல்லவில்லை. கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து எழுந்தது. வீடெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இழுப்புச் சத்தம் மெல்லத் தேய்ந்தது. பின்பு நின்றுவிட்டது.

முத்தம்மாள் ஓடி வந்தார். ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. “அடங்கிடுச்சி! நீங்க சொல்ற மாதிரியே சத்தமே இல்லாம வருது பாருங்க. ஆத்தா, காப்பாத்திட்டடி” என்று சொல்லிவிட்டு, மாடத்திலிருந்து கற்பூரத்தை எடுத்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. “கற்பூரம் வேண்டாம்மா. புகை கூடாது. சத்தம் நின்றது நல்லதுக்கு இல்லை. சத்தம் வருவதற்குக்கூட உள்ளே காற்றுப் போகவில்லை. இப்போதே ஊசி போட வேண்டும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. கோபம் அல்ல. ஏமாற்றப்பட்டவரின் பார்வை.

“நீங்கதான சொன்னீங்க, சத்தம் வரக் கூடாதுன்னு?”

“சொன்னேன்.”

“ஊசி போட்டாதான் மூச்சு வரும்னா, நீங்க எதுக்கும்மா வாராவாரம் பஸ் ஏறி வந்துகினு இருக்கீங்க? ஆத்துக்கிட்ட சொல்லிட்டு வந்தேனே, அது இன்னா ஆவறது? வார்த்த மாறுன வூடுன்னு ஆயிடாதா?”

அந்த அறையில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. நல்ல மூச்சின் மௌனத்துக்கும் அடைபட்ட மூச்சின் மௌனத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கலாம். விளக்க எனக்குத் தெரியும். எத்தனையோ பக்கங்கள் படித்திருக்கிறேன். ஆனால் விளக்கி முடிப்பதற்குள் பூங்காவனம் முடிந்துபோவாள். அல்லது அதட்டலாம். அதட்டினால் முத்தம்மாள் ஆற்றின் பக்கம் நின்றுகொள்வார். எதிர்ப்பக்கம் நான் மட்டும் நிற்பேன். அவள் நடுவில் கிடப்பாள்.

நான் முத்தம்மாளிடம் பேசுவதை விட்டுவிட்டுப் பூங்காவனத்தின் முன்னால் உட்கார்ந்தேன். “பூங்காவனம், எதுவரை போகிறது? கை வை” என்றேன்.

அவள் மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை ஒரு கணம் மூடினாள். ஊன்றியிருந்த வலக்கையைச் சிரமப்பட்டுத் தூக்கி, உள்ளங்கையைத் தொண்டைக்குழியில் வைத்தாள். கூடத்து வகுப்பில் அதுவரை எவரும் கை வைக்காத இடம் அது.

முத்தம்மாளின் கையிலிருந்த கற்பூரம் கீழே விழுந்தது. ஓராண்டாக வாசலில் நின்று எத்தனையோ கைகளைப் பார்த்தவர். அவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“கழுத்தோட நின்னுடுச்சா?” என்று மெதுவாகக் கேட்டார். பூங்காவனம் தலையசைத்தாள்.

முத்தம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றார். அவருக்குள் என்ன வழக்கு நடந்ததோ தெரியாது. தீர்ப்பை மட்டும் நான் கேட்டேன். “ஆத்துல வுட்டது மாத்திரையத்தான். ஊசிய நான் வுடல. ஆறு எதுனா கேட்டா நான் பேசிக்கிறேன்” என்றார். பிறகு பின்வாசலைப் பார்த்துக் குரலெடுத்தார்: “யாருடி அங்க? கயித்துக் கட்டில எடுங்கடி!”

ஒருவருடைய நம்பிக்கையை உடைப்பது நம் வேலை அல்ல. அவர் தலை குனியாமல் அதிலிருந்து வெளியே வருவதற்கு ஒரு கதவு இருக்கும். பெரும்பாலும் அவரே அதைக் கண்டுபிடிப்பார். அதுவரை வழியை மறித்துக்கொண்டு நிற்காமல் இருந்தால் போதும். இதை நான் சொல்வது எளிது. பூங்காவனத்தின் உதட்டோரம் நீலம் பாய்ந்துகொண்டிருந்தபோது, அந்தச் சில கணங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது எளிதாக இல்லை.

பின்வாசலுக்கு அப்பால் மாட்டுக்கொட்டகையில் நான்கு பெண்கள் சாணி அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக் கரும்பை வெட்டும் கூலிப் பெண்கள். வெட்டு நின்றுபோனதால் கொட்டகை வேலைக்கு வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் அஞ்சலை. கொட்டகையைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குள் வருவதில்லை. கூலியும் சோறும் அங்கேயே கைமாறும். இதை யாரும் ஒரு விதியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அது ஊறியிருந்தது. முத்தம்மாளின் குரல் கேட்டு அவர்கள் நிலைப்படி வரை வந்து நின்றுவிட்டார்கள்.

“கட்டில் வேண்டாம்” என்றேன். “படுக்கவைத்தால் இருக்கிற மூச்சும் போய்விடும். உட்கார்ந்தபடியே, முன்னால் சாய்ந்தபடியே கொண்டுபோக வேண்டும்.”

கூடத்தில் ராஜமாணிக்கத்தின் கைவைத்த மர நாற்காலி இருந்தது. அவரைத் தவிர யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு சவுக்குக் கழிகளும் வண்டிக் கயிறும் கொட்டகையில் இருந்தன. தூக்குவதற்குத்தான் ஆள் இல்லை. வீட்டில் இருந்தவர்கள் முத்தம்மாளும் நானும் மட்டுமே. எதிர்வீட்டுப் பெண்கள் சுமை தூக்கிப் பழகாதவர்கள். நிலைப்படிக்கு வெளியே நான்கு பேர் நின்றார்கள். முத்தம்மாள் அவர்களைப் பார்த்தார். அவர்கள் நிலைப்படியைப் பார்த்தார்கள்.

“நின்னுக்கினு இன்னாடி பாக்கறீங்க?” என்று கத்தினார் முத்தம்மாள். “உள்ள வாங்க!”

அஞ்சலை அசையவில்லை. “பொறவு ஒண்ணும் சொல்ல மாட்டியே ஆயா?” என்றாள். அமைதியாகத்தான் கேட்டாள்.

“சொன்னா எங்கிட்டத் திருப்பிக் கேளு. வாடி!”

அவர்கள் கைகால்களைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கழிகளை நாற்காலியின் இருபுறமும் வைத்துக் கட்டியதும் அவர்களே. பூங்காவனத்தின் மடியில் இரண்டு தலையணைகளை வைத்து, அவற்றின்மேல் அவள் கவிழ்ந்துகொள்ளும்படி செய்தேன்.

டாக்டர் இருந்தது மூங்கில்துறைப்பட்டில். வாய்க்கால் கரை வழியாகக் கொஞ்ச தூரம், அப்புறம் தார்ச்சாலை. வெறுங்கையோடு நடந்தாலே களைக்கும் தூரம். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நடந்தேன். என்னால் செய்ய முடிந்ததெல்லாம் அவள் முதுகில் கையை வைத்திருந்ததுதான். “விடு… விடு…” என்று மட்டும் சொன்னேன். சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. தெரியாததைச் சொல்லக் கூடாது. பயத்தில் இருப்பவர்களுக்கு நம் குரலின் பொய் மிகத் துல்லியமாகக் கேட்கும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே கரும்பு. அதற்குள்ளிருந்து ஒளிந்திருந்தவர்களின் இருமல் ஒன்றிரண்டு முறை கேட்டது. யாரும் வெளியே வரவில்லை. பின்னால் முத்தம்மாள் வெற்றுக்காலோடு வந்துகொண்டிருந்தார். 

தார்ச்சாலையில் ஏறிய இடத்தில் மரம் கிடந்தது. பெரிய புளியமரம், கிளைகளோடு சாலையின் இரண்டு ஓரத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது. அதன்மேலும் கீழுமாக இருபது முப்பது பேர். தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

“இன்னாம்மா இது? யாரும் போவக்கூடாதுன்னு சொல்லியிருக்கறோம் இல்ல? திரும்பு, திரும்பு.”

அஞ்சலையின் தோளில் கழி அழுந்தியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “ஏன் சாமி, மூச்சுகூடப் போவக்கூடாதா? அத்தயும் நிறுத்திப்புட்டீங்களா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு உடனே நின்றது. மரத்தின் மறுபக்கத்திலிருந்து குமரேசன் தாவி வந்தான். கையில் கொடுவாள். நாற்காலியைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், பிறகு தலையணைமேல் கவிழ்ந்திருந்த அண்ணியைப் பார்த்தான்.

“அண்ணி…” என்றான். 

முத்தம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தார். “நீ அறுத்ததா இது?”

 அவன் திரும்பி, கொடுவாளால் கிளைகளைக் கழிக்க ஆரம்பித்தான். இன்னும் நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். தலையில் துண்டு கட்டியவரும் ஒரு கிளையைப் பிடித்து இழுத்தார். அடிமரத்தை யாராலும் அசைக்க முடியாது. அதன் மேலாகத்தான் நாற்காலியைக் கைமாற்ற வேண்டும். இந்தப் பக்கம் பெண்கள் தூக்கிக் கொடுக்க, அந்தப் பக்கம் ஆண்கள் வாங்கினார்கள். நடுவில் நாற்காலி பின்பக்கமாகச் சரிந்தது. பூங்காவனத்தின் தலை பின்னால் தொங்கியது. வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அவள் உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன்.

“முன்னால சாய்ச்சுப் பிடிங்க! முன்னால!” என்று நான் போட்ட கூச்சல் என் காதுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. குமரேசன் நாற்காலிக்கு அடியில் தன் முதுகைக் கொடுத்து நிமிர்த்தினான். அவள் மறுபடி கவிழ்ந்தாள். மெலிதாக ஒரு மூச்சு போயிற்று.

மறுபக்கம் இறக்கியதும் அவன் முன்கழியைப் பிடித்துக்கொண்டான். “நானும் வரேன்.”

“வேணாம் சின்னய்யா” என்றாள் அஞ்சலை. “ஆல முக்குல ஜீப்பு நிக்குது. ஒன்னப் பாத்தா புடிச்சிக்கினு போயிடுவாங்க. அப்புறம் இதுக்காவ ஒருநா, ஒனக்காவ ஒருநா நாங்க தூக்க முடியுமா?”

“புடிச்சா புடிக்கட்டும்.”

அப்போது பூங்காவனம் கவிழ்ந்தபடியே கையை நீட்டினாள். கழியைப் பற்றியிருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவளிடம் பேச்சு இல்லை; பலமும் இல்லை. ஆனால் அந்த விரல்களை எடுத்ததில் எந்தத் தயக்கமும் இல்லை. யாரையும் கேட்டுக்கொள்ளாமல் அவள் எடுத்த முதல் பெரிய முடிவு அதுதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

சர்க்கரை ஆலை முக்கில் போலீஸ் ஜீப் இருந்தது. பெண்களை அவர்கள் தடுக்கவில்லை. டாக்டர் நாற்காலியிலேயே வைத்து ஊசி போட்டார்; பிராண வாயுக் குழாயை வைத்தார். வேலையினூடே, “மாத்திர சாப்புட்டுக்கினு இருந்தாங்க இல்ல? எங்க போச்சு?” என்று கேட்டார்.  கடைசியில் அஞ்சலைதான் சொன்னாள்: “ஆத்தோட போச்சுங்க.” டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அதன் பிறகு காத்திருந்தோம். அவ்வளவு நீண்ட காத்திருப்பை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. பெண்கள் நால்வரும் வாசலில் தோள்களை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முத்தம்மாள் மருமகளின் காலருகே தரையில் அமர்ந்திருந்தார். நான் சுவரோரம் நின்று என் தொழிலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மூச்சைப் பற்றி நான் கற்றதெல்லாம் அந்த அறையில் ஒரு மூலையில் பேசாமல் நின்றது. அப்படி நிற்க வேண்டிய இடமும் அதுதான். யோகம் ஒரு மனிதரை மருத்துவர் வாசல் வரை விழிப்போடு கொண்டுசேர்க்கும். வாசலுக்கு உள்ளே நடப்பது வேறு வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்கிற ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆபத்தானவர்.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. மெல்லிய, கீச்சென்ற இழுப்பு. முதலில் ஒன்று, பிறகு தொடர்ந்து.

முத்தம்மாள் வாயில் அடித்துக்கொண்டு எழுந்தார். “ஐயோ, மறுபடி வந்துடுச்சே!”

“வரட்டும்மா” என்றேன். “இப்போது வரத்தான் வேண்டும். காற்று உள்ளே போக வழி கிடைத்துவிட்டது. அதனால்தான் கேட்கிறது.”

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, மறுபடி உட்கார்ந்து காதைச் சாய்த்துக் கேட்டார். நானும் கேட்டேன். வாசலில் இருந்த அஞ்சலையும் எழுந்து வந்து கேட்டாள். ஓர் இழுப்புச் சத்தத்தை யாரும் அவ்வளவு ஆசையோடு கேட்டிருக்க மாட்டார்கள். சாயங்காலம் பூங்காவனத்தின் கை தொண்டைக்குழியிலிருந்து மார்புக்கு இறங்கியது. அதை முதலில் பார்த்தவர் முத்தம்மாள்.

அதற்குப் பிறகும் அந்த ஊருக்குப் பல ஆண்டுகள் போனேன். மாத்திரைகள் திரும்ப வந்தன. சாமி மாடத்திலேயே, கற்பூரம் இருந்த இடத்தில் வைத்தார்கள். நான் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்வதை விடவில்லை. ஆனால் அதன் பின்னால் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டேன்: “ஓசை இல்லாவிட்டால் மட்டும் போதாது. எதுவரை போகிறது என்று கேளுங்கள்.” நீங்களும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

சில மாதங்கள் கழித்துப் பூங்காவனம் என்னிடம், வகுப்பைக் கூடத்திலிருந்து வெளியே களத்துக்கு மாற்றலாமா என்று கேட்டாள். களத்தில் காற்று நன்றாக வரும் என்றாள். காரணம் அது மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும், வீட்டாருக்கும் தெரியும். கூடத்துக்கு வர முடியாதவர்கள் களத்துக்கு வரலாம். முதல் நாள் அஞ்சலை வந்தாள். ஓரமாக, வைக்கோல் போரை ஒட்டி உட்கார்ந்தாள். வழக்கமாக வரும் பெண்களில் சிலர் அடுத்த வாரம் வரவில்லை. “ஒரு நா தூக்குனதுக்கு இத்தினி நாளா?” என்று ராஜமாணிக்கம் மனைவியைக் கேட்டாராம். “எனக்கு இன்னும் மூச்சு வந்துக்கினுதான இருக்குது?” என்று அவள் திருப்பிக் கேட்டாளாம். அவர் நல்ல மனிதர். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. நான் வராத நாட்களில் அவளே வகுப்பை நடத்தத் தொடங்கினாள்.

முத்தம்மாள் களத்து ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு பருவம் முழுக்க அஞ்சலையோடு பேசவில்லை. உள்ளே வா என்று அழைத்தது ஒரு நாளுக்கு மட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். சொன்னால் திருப்பிக் கேள் என்று தானே சொன்னது நினைவில் இருந்ததோ என்னவோ, எதிராகவும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் எல்லோரும் கண்ணை மூடிக் கை வைத்திருந்தபோது அஞ்சலையின் கை மார்பின் மேலேயே நின்றது. கரும்புச் சுமை தூக்கி அவள் உடம்பு வாடியிருந்த காலம் அது. நான் வாய் திறப்பதற்குள் முத்தம்மாளின் குரல் கேட்டது.

“ஏண்டி அஞ்சல, ஒனக்கு ஏன் அங்கயே நின்னுடுச்சி? டாக்டர்கிட்டக் காட்டுனியா?”

அஞ்சலை கண்ணைத் திறக்கவில்லை. “இல்ல ஆயா. காட்றேன்” என்றாள்.

முத்தம்மாள் காலமாகி வெகு காலம் ஆகிறது. ராஜமாணிக்கமும் போய்விட்டார். குமரேசன் வேலை கிடைத்துச் சென்னைப் பக்கம் குடியேறினான். போன ஆண்டு அவனும் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நாற்காலியைச் சுமந்த மற்ற மூன்று பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் இப்போது பேருந்து ஏற முடிவதில்லை. களத்தில் காலையில் யார் யார் வருகிறார்கள் என்று ஊருக்கு எழுதிக் கேட்டிருந்தேன். வயதானவர்கள் இரண்டு பேர்தான் தவறாமல் வருகிறார்களாம்: பூங்காவனமும் அஞ்சலையும்.